2025-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல், தீபாவளி விருந்து, கோத்தோங் ரோயோங் கூட்டுத் துப்புரவுப் பணி எல்லாம் வழக்கம்போல நடந்தன. பினாங்கு மாநிலம் முழுவதுமிருந்து உறுப்பினர்கள் வந்தார்கள். கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். இந்த அறிக்கையில் நலவாழ்வுக் குழுவின் பணியைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். "இன்னொரு பெருந்தொற்று வந்தால் என்ன செய்வோம்?" என்று சென்ற ஆண்டுக் கூட்டத்தில் மகளிர் பிரிவு கேட்டது. ஆண்டு முழுக்க அந்தக் கேள்வியோடுதான் குழு வேலை செய்தது.

முதல் சந்திப்பு டாக்டர் வூ லியன் தே பற்றியது. 1879-இல் இதே பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, கேம்பிரிட்ஜ் போனவர். 1910 கடைசியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது சீன அரசு அவரை அங்கே அனுப்பியது. ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட நோய் அது. மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று அவர் சொன்னதைப் பல மருத்துவர்கள் ஏற்கவில்லை. முகக்கவசம் போட மறுத்த மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் சில நாள்களிலேயே அதே நோயில் இறந்தார். நோய் அடங்கியதும், 1911 ஏப்ரலில் முக்டென் நகரில் 11 நாடுகளின் நிபுணர்கள் கூடிப் பேசினார்கள்; தலைமை தாங்கியவர் நம் ஊர்க்காரர்.

ஓய்வுபெற்ற தாதியான நம் உறுப்பினர் ஒருவர் அந்தக் கால முகக்கவசத்தை மேசையிலேயே செய்து காட்டினார். காயத்துக்குக் கட்டும் நீளமான காஸ் துணியை இரண்டாக மடித்து, நடுவில் பஞ்சு வைத்து, இரு முனைகளையும் கத்தரித்து நாடாவாக்கித் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டார். பிள்ளைகள் வரிசையில் நின்று கட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த சந்திப்பில் நிப்பா. 1998-99-இல் நம் நாட்டில் 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொன்ற நோய் என்பது இளைஞர் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்கு மருந்தடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். ஆனால் விழுந்தவர்களில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த பெரியவர்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் கிருமியைப் பிரித்தெடுத்து, மாதிரியோடு அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள ஆய்வகத்துக்குப் பறந்தார். அமெரிக்க ஆய்வகங்களில்தான் இது புதிய வைரஸ் என்று உறுதியானது. நாம் தாமதிக்காமல் கொடுத்தோம், அவர்கள் தாமதிக்காமல் பார்த்தார்கள். உலக ஒத்துழைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் கொடுப்பது ஒரு பக்கமாகவே இருந்தால் சரிப்படாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோய்க்கான பரிசோதனை முகாம் இதைக் கண்முன் காட்டியது. இந்த நோயைக் குணமாக்கும் சோஃபோஸ்புவிர் மாத்திரை சாதாரண மக்களால் வாங்க முடியாத விலையில் இருந்தது. 2017-இல் நம் அரசு, காப்புரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் சம்மதம் இல்லாமலே மலிவான மாத்திரையைப் பெற வழிசெய்யும் அரசுப் பயன்பாட்டு உரிமம் வழங்கியது. அப்புறம் அரசு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை வந்தது. எகிப்திய நிறுவனம் ஒன்றின் ரவிடாஸ்விர் மருந்தை, சோஃபோஸ்புவிருடன் சேர்த்து, மலேசியாவும் தாய்லாந்தும் சேர்ந்து 301 நோயாளிகளிடம் சோதித்தன. 97 விழுக்காட்டினர் குணமானார்கள். மூன்று நாடுகள் சேர்ந்து செய்த வேலை இது.

முகாமில் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "நான் குடிக்கிறதில்லையே, எனக்கெதுக்கு?" என்றார். இந்தக் கிருமி இரத்தத்தின் வழி பரவுவது, பல ஆண்டுகள் அடையாளமே காட்டாது என்று தாதி நிதானமாக விளக்கினார். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், கொஞ்ச நேரக் காத்திருப்பு. முடிவு வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டு மனைவியையும் வரச் சொன்னார். மேல்பரிசோதனை தேவைப்பட்டவர்களுடன் குழுவினரே மருத்துவமனை வரை துணைக்குப் போனார்கள். அந்த உறுப்பினர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

2025 மே 20 அன்று ஜெனீவாவில் உலகச் சுகாதார மாநாடு பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றது. முந்தைய நாள் குழு வாக்கெடுப்பில் ஆதரவு 124, எதிர்ப்பு இல்லை, 11 நாடுகள் நடுநிலை வகித்தன. அதைப் பற்றிய கலந்துரையாடலில் "ஜெனீவாவுக்கும் நம்ம தாமானுக்கும் (குடியிருப்புக்கும்) என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் கேட்டார். கோவிட் தடுப்பூசி பிரிட்டனில் 2020 டிசம்பர் 8-இல் போடத் தொடங்கினார்கள். இங்கே 2021 பிப்ரவரி 24-இல். பணக்கார நாடுகள் முன்கூட்டியே வாங்கிக் குவித்தபோது வரிசையில் பின்னால் நின்றவர்கள் நாமும் நம்மைவிட ஏழை நாடுகளும்தான். சம்பந்தம் அதுதான்.

புதிய ஒப்பந்தப்படி, பெருந்தொற்றின்போது அதில் பங்கேற்கும் நிறுவனங்கள் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவித் தயாரிப்பில் 20 விழுக்காட்டை உலகச் சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்குவதை இலக்காகக் கொள்ள வேண்டும். அதில் பாதியாவது நன்கொடை. கிருமி மாதிரிகளைக் கொடுக்கும் நாட்டுக்குப் பலன் எப்படித் திரும்பும் என்று சொல்லும் பின்னிணைப்பு முடிந்த பிறகே நாடுகள் கையெழுத்திடலாம். 60 நாடுகள் உறுதிசெய்தால்தான் அமலாகும். அமெரிக்கா அந்த நிறுவனத்தை விட்டு விலகுவதாக அறிவித்த ஆண்டில், மற்ற நாடுகள் இவ்வளவு தூரம் ஒத்துப்போனதே பெரிய காரியம் என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பின்னிணைப்பு வலுவாக இல்லாவிட்டால் 2021 திரும்ப வரும்.

எனவே இரண்டு தீர்மானங்களைக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். மாதிரி கொடுக்கும் நாட்டுக்கு மருந்திலும் தடுப்பூசியிலும் உரிய பங்கு வேண்டும் என்று நம் நாடு உறுதியாகப் பேசும்படி சுகாதார அமைச்சுக்குச் சங்கம் கடிதம் எழுத வேண்டும். ஹெபடைடிஸ் சி முகாமை அடுத்த ஆண்டு செபராங் பிறையிலும் நடத்த நிதி ஒதுக்க வேண்டும். முன்மொழிய, வழிமொழிய உறுப்பினர்களை அழைக்கிறேன்.

செயலாளர்