ஆணியை இன்னும் எடுக்காதே

ஹட்டன்
பெப்ரவரி 16

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியை இரண்டு வரியில் முடித்துவிட்டு, புது வீட்டு ஹோலுக்குப் பலகைத் தரை போடுவதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். வீட்டில் அம்மணி இதைப் படித்தாரா? இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால்தான் விடியற்காலைப் பனியோடு சண்டை பிடிக்கிறது.

தேக்கா, மகோகனியா, கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸா என்று கேட்டிருக்கிறாய். கையில் இருக்கிற காசுக்கு எது வருமோ அதை வாங்கு. நான் பயப்படுவது மரத்தின் சாதிக்கு இல்லை, அதற்குள் இருக்கிற ஈரத்துக்கு.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தது உனக்குத் தெரியும். தோட்டத்து மேலாளரான தொரையின் பங்களாவில் பலகைத் தரை கல்தூண்களின் மேல் நின்றது. அடியில் ஒரு பிள்ளை தவழ்ந்து போகும் அளவுக்கு இடம், சுற்றுச் சுவரில் காற்றுத் துவாரங்கள். துவாரங்களில் அடைந்த சருகை மாதம் ஒரு தடவை உள்ளே நுழைந்து அள்ளுவது நான். கூலி, பங்களா குசினியிலிருந்து ஒரு துண்டு கேக். புதிதாக வந்த தொரை ஒருவர், எலி வருகிறது என்று அத்தனை துவாரத்தையும் சிமெந்து பூசி அடைக்கச் சொன்னார். அந்த வருஷ மழையில் மண்ணின் ஈரம் போக வழியில்லாமல் பலகைகளின் அடிப்பக்கம் ஊதிவிட்டது. மேல்பக்கம் காய்ந்தே இருந்ததால், ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரமும் தூக்கி, நடுவில் குழிந்து, மல்லாத்தி வைத்த ஓடு மாதிரி ஆனது. சீவித் தட்டையாக்கு என்றார் தொரை. அப்பா மாட்டேன் என்றார். இப்போது ஓரத்தைச் சீவினால், காய்ந்த பிறகு ஓரம் தாழ்ந்து நடு முதுகு கூனிக்கும் என்பது அவருடைய கணக்கு. துவாரங்களை உடைத்துக் கம்பி வலை அடித்தார். தை, மாசி வெயில் வரும் வரை தரையைத் தொடவே இல்லை. முக்கால்வாசிப் பலகை தானாகவே படிந்துவிட்டது.

இவ்வளவு பார்த்து வளர்ந்தவன் நான் என்ன செய்தேன் தெரியுமா? என் அறைக்குப் பலகை போட்டது ஒரு பெப்ரவரியில். எங்கள் பக்கத்தில் அதுதான் நன்றாகக் காய்ந்த காலம், பலகை சுருங்கிக் கிடக்கும் காலம். அழகாக இருக்கட்டும் என்று சுவரோடு சுவராக இறுக்கி அடித்தேன். மே கடைசியில் மழை பிடித்தது. பலகை நீளத்தில் வளராது, அகலத்தில்தான் வளரும். போக இடமில்லாமல் அறையின் நடுவில் மேடாக எழும்பி, கதவைத் திறக்க முடியாமல் போனது. ஜன்னல் வழியாக ஏறி உள்ளே போனேன். அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நீயும் ஒருவன்.

அதனால் சுற்றிவர முக்கால் அங்குலம் இடம் விடு. சுவரோரம் அடிக்கிற பலகை அதை மறைத்துவிடும். அந்த ஓரப் பலகையைச் சுவரில் அடி, தரையில் அடிக்காதே.

சரி, உன் ஊர்க் கதைக்கு வருவோம். பண்டாரவளையின் கணக்கு எங்கள் கணக்குக்கு நேர் எதிர். நாங்கள் நனைகிற ஜூலை, ஆகஸ்ட்டில் உங்களுக்குக் காய்ந்த காற்று அடிக்கும். ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுகிற அதே காற்றுதான் பலகையையும் சுருக்கி இடைவெளி காட்ட வைக்கும். உங்கள் பெருமழை ஐப்பசியில் தொடங்கும். அந்த மழை ஓய்ந்து, காய்ந்த காற்று தொடங்குவதற்கு முன், ஏப்ரல் கடைசி அல்லது மே மாதத்தில் போடு.

அதற்கு முன் போடவும் முடியாது. டிசம்பரில் கொங்கிறீற் போட்டதாக எழுதியிருக்கிறாய். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது காய்வதற்கான தோராயக் கணக்கு. உன்னுடையது 4 அங்குலம். இரண்டடிச் சதுரப் பொலித்தீனை தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார். அடியில் வியர்த்தாலோ சிமெந்து கறுத்தாலோ இன்னும் பொறு. பலகையை இப்போதே அந்த ஹோலில் அடுக்கிவிடாதே, பூச்சும் பெயின்ட்டும் காயாத வீட்டின் ஈரத்தை அது குடித்துவிடும். ஜன்னலெல்லாம் பொருத்தி, ஈர வேலை முழுக்க முடிந்த பிறகு கொண்டு போய், இடையில் குச்சி வைத்துக் காற்றோட அடுக்கி இரண்டு மூன்று வாரம் விடு. தச்சு வேலை செய்கிற பாஸ் அவசரப்படுத்துவார். டீ கொடுத்து அனுப்பிவிடு.

மரக்காலையில் “சூளையில் காய்ந்தது” என்று சொன்னாலும் ஈரமானி வைத்துப் பார்க்காமல் நம்பாதே. 4 அங்குல அகலப் பலகைக்கும் கீழே போடுகிற மரச் சட்டத்துக்கும் ஈரத்தில் 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கொங்கிறீற்றின் மேல் பொலித்தீன், அதன் மேல் சட்டம், அதன் மேல் பலகை. ஆணி, பலகை ஓரத்தில் நீட்டி நிற்கிற நாக்கின் மேல் சாய்வாக இறங்க வேண்டும், அப்போதுதான் அந்த நாக்கு நுழைகிற அடுத்த பலகையின் காடி வந்து மறைக்கும்.

பராமரிப்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வாசலில் தும்புக் கால்மிதி போடு, பலகையின் பளபளப்பைத் தின்பது செருப்பில் வருகிற மணல்தான். தினம் கூட்டு. துடைப்பதென்றால் நன்றாகப் பிழிந்த துணியால். வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவுகிற பழக்கத்தை உன் வீட்டில் யார் நிறுத்துவார்களோ தெரியாது! இன்னொன்று, வார்னிஷ் அடித்த பலகையில் சிவப்புச் சிமெந்துத் தரைக்குப் பூசுகிற மெழுகுப் பொலிஷைத் தேய்த்துவிடாதே. என் தங்கை தேங்காய் மட்டையை மிதித்து மிதித்துப் பளபளக்க வைத்தாள். வழுக்கி விழுந்தது நான். பிறகு மறு வார்னிஷ் அடித்தபோது அது ஒட்டவே இல்லை, மொத்தமாகச் சுரண்ட வேண்டியதாயிற்று.

சித்திரை வருஷப் பிறப்பு கழிந்து பேரனைப் பார்க்க வருகிறேன். ஈரமானியும் கொண்டு வருவேன். அதுவரை பலகைக் கட்டு உன் பழைய வீட்டுத் திண்ணையில், மழை படாமல் இருக்கட்டும். பேரனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்றாவது அடுத்த கடிதத்தில் எழுது.

உன் பழைய கூட்டாளி