மூட்டைக் கணக்கு இருக்கிறது, மணிக் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீடாமங்கலம் அருகே சிறிய புழுங்கல் அரிசி ஆலை ஒன்றை நடத்தி வருகிறேன். கணவர் காலமானதிலிருந்து 9 ஆண்டுகளாகக் கணக்கும் சம்பளப் பட்டுவாடாவும் என் கையில்தான். 14 பேர் வேலை செய்கிறார்கள். அண்மையில் எங்கள் பகுதி ஆலைக்காரர்கள் கூடிப் பேசியபோது ஒருவர் சொன்னது இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. “மத்திய அரசின் புதிய சட்டப்படி 20 பேர் இருந்தால்தான் ஃபேக்டரி. மாநில விதிகள் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். அதுவரை ஓவர்டைம் என்று நம்மை யாரும் கேட்க முடியாது” என்றார். பலரும் தலையாட்டினார்கள்.

அது தவறு. அங்கேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வந்துவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், மின்சாரத்தில் இயங்கும் இடத்துக்கு 10 பேர் என்றிருந்த வரம்பு இப்போது 20 ஆகியிருப்பது உண்மைதான். ஆனால் கூலிக்கான சட்டம் வேறு. 2019இல் இயற்றிய ஊதியத் தொகுப்புச் சட்டத்தை 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட ஒருவர் வழக்கமான நேரத்தைத் தாண்டி உழைத்தால், தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் இரு மடங்குக்குக் குறையாத கூலி தர வேண்டும் என்கிறது அதன் 14ஆவது பிரிவு. அங்கே 10 பேர், 20 பேர் என்ற பேச்சே இல்லை. பழைய ஊதியச் சட்டங்களின் கீழ் வந்த அறிவிக்கைகள், புதியதற்கு முரண்படாதவரை தொடரும் என்றும் எழுதியிருக்கிறது. அரிசி ஆலைக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள், கம்பளி நெசவுக்கு அடுத்து இரண்டாவதாக நிற்பதே நம் தொழில்தான்.

நானும் இதை ஒழுங்காகச் செய்தவள் அல்ல. தை மாதம் சம்பா நெல் வந்து குவியும்போது ஊறல் தொட்டி காலியாவதே இல்லை. பாய்லர் பார்ப்பவர் காலை 6 மணிக்கு வந்தால் இரவு 9 மணிக்குத்தான் போவார். இரவுக்கு 200 ரூபாய் பேட்டா கொடுத்தோம், சாப்பாடும் போட்டோம். அதுவே தாராளம் என்று நினைத்திருந்தேன். போன பங்குனியில் அவர் ஒரு சணல் கயிற்றில் கோத்த தாள்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள், மொத்தம் 19. முன்பக்கம் ராகுகாலமும் நல்ல நேரமும். பின்பக்கம் பென்சிலில் “6 – 9”, ஓரத்தில் உமிக்கரி படிந்த கட்டைவிரல் ரேகை. “அம்மா, கணக்கு மட்டும் பாருங்கள்” என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை.

என் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். அந்த 19 நாள்களிலும் ஒரு டிக் குறி மட்டும் இருந்தது. எத்தனை மூட்டை அவித்தோம், எத்தனை சிப்பம் அரிசி வெளியே போனது, தவிடு எவ்வளவு என்று கிலோ சுத்தமாக எழுதிவைத்திருந்த எனக்கு ஒரு மனிதர் எத்தனை மணி நேரம் நின்றார் என்பதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. அவருடைய நாள் கூலி 640 ரூபாய், மணிக்கு 80. ஒரு மணி நேரம் ஓய்வு கழித்தால் 14 மணி நேர வேலை. கூடுதலான 6 மணி நேரத்துக்கு, இரு மடங்காக 160 வீதம், 960. பேட்டாவைக் கழித்தால் நாளொன்றுக்கு 760 பாக்கி, 19 நாளுக்கு 14,440 ரூபாய். சித்திரை பிறப்பதற்குள் கொடுத்து முடித்தேன்.

கொடுத்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். கொதிக்கும் பாய்லர் முன்னால் ஒருவரை 14 மணி நேரம் நிறுத்துவதைச் சட்டம் இரு மடங்கு கூலிக்கும் அனுமதிப்பதில்லை. இந்த ஆண்டு சான்றிதழ் உள்ள இன்னொருவரைச் சேர்த்து இரண்டு ஷிப்ட் ஆக்கியிருக்கிறேன். செலவு கூடத்தான் செய்கிறது.

ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் சக ஆலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய பிரிவு இன்னொன்று உண்டு, 59. கூலி குறைகிறது என்று தொழிலாளி மனுக் கொடுத்தால், கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. அதே சட்டத்தின் 45ஆவது பிரிவின்படி மனுக் கொடுக்க 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது. பாக்கியோடு அதன் 10 மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம். வெறும் டிக் குறியை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

களத்தில் நெல் கிண்டும் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெல் லாரி வரவில்லை என்றால் காலை 10 மணிக்கு அரைக் கூலியைக் கையில் கொடுத்து அனுப்புவது இங்கே பல இடங்களில் வழக்கம். வேலை செய்ய அவர்கள் தயாராக வந்திருக்கிறார்கள், வேலை இல்லாமல் போனது நம்மால். சட்டப்படி அது முழு நாள் கூலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது 1976 முதல் இருக்கும் சட்டம். அதையும் புதிய தொகுப்பு கைவிடவில்லை.

தொழிலாளர் துறைக்கு ஒரு வேண்டுகோள். அகவிலைப்படி ஏப்ரல் 1 தோறும் மாறுகிறது. அரிசி ஆலைக்கு எந்தப் பிரிவினருக்கு எவ்வளவு என்பதை ஒரே தாளில், எளிய தமிழில் அச்சிட்டு ஒவ்வோர் ஆலைக்கும் அனுப்புங்கள். சம்பா அறுவடைக்கு முன்பே மன்னார்குடி, திருவாரூர், பாபநாசம் போன்ற ஊர்களில் ஒரு நாள் அமர்ந்து எங்களுக்கு விளக்குங்கள். அபராதம் போட வருவதற்கு முன்னால் சொல்லிக்கொடுக்க வாருங்கள்.

என் ஆலை வாசலில் இப்போது ஒரு சுவர்க்கடிகாரமும் அதன் கீழே ஒரு நீள நோட்டும் இருக்கின்றன. வந்த நேரத்தையும் போன நேரத்தையும் அவரவரே எழுதிக் கையெழுத்திடுகிறார்கள், கையெழுத்துத் தெரியாத இரண்டு பேர் ரேகை வைக்கிறார்கள். எப்படி எழுதுவது என்று பார்க்க விரும்பும் ஆலைக்காரர்கள் எந்த நாளும் வரலாம்.

இப்படிக்கு,
ஓர் அரிசி ஆலை உரிமையாளர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.