அப்பாவின் காரும் இரண்டு எஸ்டிமேட்டுகளும்

அன்புள்ள குமரனுக்கு,

அப்பாவின் காரில் சக்கரங்களைப் பிடித்துக் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனைச் சரிசெய்ய நீ வாங்கி அனுப்பிய இரண்டு எஸ்டிமேட்டுகளையும் நேற்று இரவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். ஒருவர் 62,000 ரூபாய் கேட்கிறார். மற்றவர் 21,000 போதும் என்கிறார். இவர்களில் யார் ஏமாற்றுகிறார் என்று கேட்டிருக்கிறாய். எனக்கு இருவர் மேலும் சந்தேகம் வரவில்லை. பெரிய ஒர்க்‌ஷாப்காரர் கண்ணில் பட்டதை எல்லாம் மாற்றச் சொல்கிறார். சின்னவர் துருவைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. இந்த இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலையாக இருக்கிறது.

திண்டுக்கல்லில் நம் உதிரிபாகக் கடையின் கல்லாவில் 22 வருடம் உட்கார்ந்தவள் நான். இன்ன சாமான் இன்ன விலை என்பதோடு, அது ஏன் திரும்பி வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆகையால் அம்மா சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

2011இல் அப்பா வாங்கிய அந்த ஸ்விஃப்ட்டின் அடியில், இங்கே இருந்தவரை செம்மண் தவிர வேறெதுவும் ஒட்டியதில்லை. திருவான்மியூரில் ஆறு வருடமாகக் கடல் காற்றில், தெருவோரத்தில் நிற்கிறது. உப்பு ஈரம் படிந்தால் இரும்பு தாங்காது. துரு பிடித்ததில் வியப்பில்லை. எங்கே பிடித்திருக்கிறது என்பதுதான் கேள்வி. சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், ஸ்பிரிங், பின் ஆக்ஸில் இவற்றில் என்றால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். முன்னால் ஷாக் அப்சார்பரின் தலையைப் பிடித்திருக்கும் தகடும், பின் ஆக்ஸில் பாடியோடு சேரும் இடமும் அப்படியில்லை. அவை காரின் எலும்பு. அங்கே அரித்திருந்தால், அதில் புதிய ஷாக் அப்சார்பர் மாட்டுவது கரையான் தின்ற உத்தரத்தில் ஊஞ்சல் கட்டுவது போல.

ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போ. காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, அந்த இடங்களை ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டிப் பார். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்த தகடு பொத்தென்று அடங்கும், நுனியால் அழுத்தினால் செதில் செதிலாக உதிரும். கறுப்புப் பூச்சு அடித்து மறைத்திருந்தால் சுரண்டிப் பார்க்கத் தயங்காதே. துருவின் மேலேயே பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு இன்னும் வேகமாகத் தின்னும். சிறிய இடமென்றால், கெட்டதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யும் நல்ல டிங்கர், அதாவது தகடு வேலைக்காரர், போதும். பட்டி என்ற பசையைப் போட்டு மெழுகித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடு.

எலும்பு நன்றாக இருந்தால், பிறகு சஸ்பென்ஷன். லோயர் ஆர்மையும் சக்கரப் பக்கத்தையும் இணைக்கும் பால் ஜாயிண்ட் ஆட்டம் கண்டிருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதே. ஓடும்போது அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தால் இடது வலது இரண்டையும் சேர்த்து மாற்று. லோயர் ஆர்ம் உறுதியாக இருந்து அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் மட்டும் கிழிந்திருந்தால், புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் வைத்து மாற்றித் தருவார்களா என்று கேள். பெரிய எஸ்டிமேட்டில் கொஞ்சம் அங்கேயே குறையும் என்று நினைக்கிறேன்.

புஷ் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு மெக்கானிக் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிழிந்த புஷ்ஷைக் கொண்டுவந்து, “அக்கா, சாமான் மட்டம்” என்று கல்லாவில் போடுவார். நான் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒரு நாள் அப்பா அவருடைய பட்டறைக்கே போய்ப் பார்த்தார். கார் ஜாக்கியில் நின்று சக்கரம் தொங்கும்போதே அந்த மெக்கானிக் புஷ்ஷின் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, அப்படியே ஓடி ஓடிக் கிழிகிறது. காரின் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு இறுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். அதன் பிறகு அவர் புஷ்ஷைத் திருப்பிக் கொண்டுவரவே இல்லை. நீயும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுச் செய்துகொள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று, பார்க்காமல் வெளியே எடுக்காதே.

2026 செப்டம்பரோடு வண்டிக்கு 15 ஆண்டு முடிகிறது. ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். கிடைத்தால் இன்னும் 5 ஆண்டு ஓட்டலாம். அதையும் கணக்கில் வைத்துச் செலவு செய்.

தட்டிப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் உளுத்திருந்தால், காரைக் கொடுத்துவிடு. அப்பாவின் கார் என்று நீ தயங்குவது எனக்குத் தெரியும். நானும் அந்த முன் இருக்கையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஆனால் பிரேக்கும் சஸ்பென்ஷனும் சரியில்லாத வண்டியில் அவர் நம்மை ஒரு நாளும் ஏற்றியதில்லை. இப்போது பின்னால் உட்கார்வது என் பேத்தி.

சனிக்கிழமை பார்த்துவிட்டு அந்த இரண்டு இடங்களையும் படம் எடுத்து அனுப்பு. என்ன மாற்றினாலும் கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா, நான் கையில் எடுத்து ஆட்டிப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா