வகுப்புக் குழுவில் பேசியது பதிவாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் பொறியியல் கலந்தாய்வு தொடங்கியது முதல் வகுப்புகள் திறக்கும் வரை கட்டணம், இடஒதுக்கீடு, வளாக நேர்காணல் எனத் தமிழ் நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. சேர்ந்த பிறகு அந்த மாணவர் வகுப்பறைக்குள் என்ன பெறுகிறார், பெற வேண்டியது கிடைக்காவிட்டால் அதை எங்கே போய்ச் சொல்வது என்பது பற்றி எழுதப்படுவது மிகக் குறைவு. சொல்வதற்கென்றே விதிமுறையில் ஓர் இடம் இருக்கிறது. மாணவர் வழக்கில் ‘கிளாஸ் கமிட்டி’ எனப்படும் வகுப்புக் குழுதான் அது. அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த தனியார் கல்லூரி ஒன்றில் படித்தபோது மாணவர் பிரதிநிதியாக அக்குழுவில் இருந்தவன் என்ற முறையில், அந்த அமைப்பு எதற்காக ஏற்படுத்தப்பட்டது, இன்று எப்படி நடக்கிறது என்பது பற்றிச் சில கருத்துகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இணைப்புக் கல்லூரிகளுக்கான பல்கலைக்கழக விதிமுறைகள் இதைத் தெளிவாகவே வகுத்திருக்கின்றன. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு குழு இருக்க வேண்டும். அதில் அந்த வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களும், குறைந்தது 4 மாணவர் பிரதிநிதிகளும், வழக்கமாக 2 மாணவர் 2 மாணவியர் என்ற கணக்கில், இடம்பெற வேண்டும். தலைவராக இருப்பவர் அந்த வகுப்புக்குப் பாடம் நடத்தாத ஆசிரியராக இருக்க வேண்டும். பருவம் தொடங்கிய முதல் வாரத்துக்குள் குழுவை அமைத்து, முதல் கூட்டத்தையும் அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே நடத்தி, எந்தத் தேர்வுக்கு எத்தனை மதிப்பெண், அது எந்த முறையில் கணக்கிடப்படும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு உரிய இடைவெளியில் மேலும் இரண்டு மூன்று கூட்டங்கள் நடக்கலாம். தொழிற்சாலைகளில் உள்ள தர வட்டத்தைப் போன்றது இக்குழு என்று விதிமுறையே குறிப்பிடுகிறது. வேலை செய்பவரே வேலையில் உள்ள குறையைக் கண்டு சொல்லி, மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து சரிசெய்வதே தர வட்டம். அந்தக் கருத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும் நன்கு யோசித்தே கொண்டுவந்திருக்கிறார் என்பேன்.

இந்தக் குழுவின் தேவை இப்போது முன்பைவிடக் கூடியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டு விதிமுறையின்படி எழுத்துப் பாடங்களுக்குக் கல்லூரி ஆசிரியர்களே அளிக்கும் அகமதிப்பீடு 20 மதிப்பெண், பருவத் தேர்வு 80 மதிப்பெண் என்று இருந்தது. 2021-ஆம் ஆண்டு விதிமுறையில் அது முறையே 40, 60 என மாறியது. ஆய்வகப் பாடங்களில் அகமதிப்பீடே 60. எழுத்துப் பாடத்தின் ஒவ்வோர் அகமதிப்பீட்டிலும் நூற்றுக்கு 60 எழுத்துத் தேர்வுக்கும், மீதி 40 ஒப்படைப்பு, கருத்தரங்கு, சிறு செயல்திட்டம் போன்றவற்றுக்கும் உரியவை. எழுத்துத் தேர்வு விடைத்தாளை வாங்கிப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். ஒப்படைப்புக்கு ஒருவருக்கு 36-உம் இன்னொருவருக்கு 22-உம் எந்த அடிப்படையில் வந்தன என்று பருவத்தின் முடிவில் கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. அந்த அடிப்படை பருவத்தின் தொடக்கத்திலேயே பேசப்பட்டிருக்க வேண்டும். பேசப்பட வேண்டிய இடம் முதல் வகுப்புக் குழுக் கூட்டம். ஆய்வகத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதும் இக்கூட்டத்தில் விவாதித்து மாணவர்களுக்கு அறிவிக்கப்பட வேண்டியதே.

நடைமுறைக்கு வருவோம். பிரதிநிதிகளைப் பெரும்பாலும் வகுப்பு தேர்ந்தெடுப்பதில்லை. வகுப்பு ஆலோசகர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து நன்றாகப் படிக்கும் நான்கு பேரின் பெயரை வாசித்துவிடுகிறார். நன்றாகப் படிப்பவர் பிரதிநிதியாவதில் தவறில்லை. ஆனால் அரியர், அதாவது தேறாத பாடம், வைத்திருக்கும் மாணவருக்கும், தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு முதல் பருவத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் கணித வகுப்பில் தவிக்கும் மாணவிக்கும் என்ன தேவை என்பது எல்லாப் பாடத்திலும் 90 வாங்குபவருக்கு எளிதில் தெரிவதில்லை. பின்தங்கிய மாணவர்களை அடையாளம் கண்டு அவர்களுக்குக் கூடுதல் பயிற்சி கேட்பது இக்குழுவின் பணிகளில் ஒன்று என்று விதியில் இருப்பதால், அவர்களில் ஒருவராவது உள்ளே இருப்பது நல்லது அல்லவா?

கூட்டம் துறைத் தலைவரின் அறையில் நடக்கும். ஒருபுறம் ஆசிரியர்கள், மறுபுறம் நாங்கள். ஒவ்வொரு பாடத்தின் பெயரும் வாசிக்கப்படும், “ஏதாவது பிரச்சினை உண்டா?” என்று கேட்கப்படும், “இல்லை சார்” என்ற பதில் வரும். எல்லாப் பாடமும் முடிந்த பிறகு, ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதால், கடைசி வரிசை மின்விசிறி ஓடவில்லை, இரண்டாம் தளத்தில் குடிநீர் வருவதில்லை என்று சொல்வோம். அவை உடனே எழுதிக்கொள்ளப்படும். பல கல்லூரிகளின் வகுப்புக் குழுக் குறிப்பேட்டைப் புரட்டினால் மின்விசிறியும் குடிநீரும் பக்கத்துக்குப் பக்கம் வருவதற்குக் காரணம், அங்கே வேறு குறை இல்லை என்பதல்ல. சொன்னால் யார் மனமும் புண்படாத குறைகள் அவை மட்டுமே. சில இடங்களில் குறிப்பு முந்தைய பருவத்தின் கோப்பிலிருந்து தேதி மட்டும் மாற்றப்பட்டு முன்கூட்டியே அச்சாகி வந்துவிடும். ‘பாடங்கள் திருப்திகரமாக நடைபெறுவதாக மாணவர்கள் தெரிவித்தனர்’ என்ற வரியின் கீழே நாங்கள் கையொப்பமிட்டுவிட்டு, அதற்குப் பிறகு பேச உட்காருவோம்.

மாணவர் வாய் திறக்காததற்குக் கோழைத்தனத்தைக் காரணமாகச் சொல்வது எளிது. எதிரே இருப்பவர் கையில் தன்னுடைய 40 மதிப்பெண் இருக்கிறது, வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அவரிடமே போய் நிற்க வேண்டும் என்ற நிலையில், 19 வயது மாணவரிடம் வீரத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது. இதை முன்னறிந்துதான் தலைவர் அந்த வகுப்புக்குப் பாடம் நடத்தாதவராக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்த ஒரு நிபந்தனைக்குள்ளேதான் குழுவின் உயிர் இருக்கிறது. ஆனால் சிறிய துறைகளில் குழுத் தலைவரும் பாடம் நடத்தும் ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் அடுத்தடுத்த மேசையில் அமர்பவர்களாக இருக்கும்போது அந்த நிபந்தனை தாளளவில் நின்றுவிடுகிறது.

எங்களுக்கு ஒரு பருவத்தில் வேறு துறையைச் சேர்ந்த மூத்த பேராசிரியர் ஒருவர் தலைவராக வந்தார். அவர் செய்தவை இரண்டே. ஆசிரியர்கள் வருவதற்கு முன் பிரதிநிதிகளை மட்டும் தனியே அமர்த்திப் பேசவிட்டார். நாங்கள் சொன்னதை யார் சொன்னார் என்ற பெயர் இல்லாமல் ‘வகுப்பின் கருத்து’ என்று தன் கையாலேயே எழுதி, அதைத் தானே ஆசிரியர்கள் முன் வாசித்தார். அந்தப் பருவத்தில் மின்விசிறி பற்றி யாரும் பேசவில்லை. பாடத்திட்டத்தின் மூன்றாம் பகுதியான மூன்றாம் யூனிட்டில் கோட்பாடு மட்டும் முடிந்து கணக்குகள் போடப்படவில்லை என்பதும், ஆய்வகத்தில் ஒரு கருவி பழுதாகி இருப்பதால் மூன்று குழுக்கள் ஒரே அளவீட்டை எழுதி வைத்திருக்கின்றன என்பதும் முதல் முறையாகத் தாளில் ஏறின. கணக்குகளுக்குக் கூடுதல் வகுப்பு வைக்கப்பட்டது. கருவி அந்தப் பருவம் முடியும்வரை சரியாகவில்லை. ஆனால் அந்தச் சோதனை மதிப்பெண் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. விதிமுறையில் ஏற்கெனவே இருப்பதை ஒருவர் மனமுவந்து செய்ததன் பலன் இது.

பிரதிநிதியாக இருப்பவரின் பொறுப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். வகுப்பின் சார்பில் பேசுவது என்பது தன் நண்பர் குழுவின் மனக்குறையைச் சுமந்து செல்வதல்ல. கூட்டத்துக்கு முன்தினம் வகுப்பில் ஒரு கால் மணி நேரம் கேட்டு வாங்கி, எல்லாரும் பேச வாய்ப்பளித்து, பேசத் தயங்குபவர்களிடம் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, அதில் பொதுவானது எது தனிப்பட்டது எது என்று பிரித்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவில் வரும் குமுறலைக் கருத்துக்கணிப்பாகக் கொள்ளக் கூடாது. சொல்லும் விதமும் முக்கியம். “அவர் சரியாக நடத்துவதில்லை” என்பது ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பு. அதைக் கேட்டவர் தற்காப்பில் இறங்குவார். “இந்த வாரம் நடந்த இரண்டு தலைப்புகள் புரியவில்லை, ஒரு மணி நேரம் மீண்டும் நடத்தினால் தேர்வுக்கு முன் தயாராகிவிடுவோம்” என்பது நிறைவேற்றக்கூடிய கோரிக்கை. இந்த வேறுபாட்டை யாரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. துறைகள் பருவத் தொடக்கத்தில் பிரதிநிதிகளை அழைத்து அரை மணி நேரம் இதைச் சொல்லிக்கொடுத்தால் பல கசப்புகள் குறையும்.

ஆசிரியர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. தனியார் கல்லூரிகளில் பணிப் பாதுகாப்பு இல்லாத இளம் ஆசிரியர்களுக்கு வகுப்புக் குழுவில் பதிவாகும் ஒரு வரி அடுத்த ஆண்டு வேலையையே கேள்விக்குள்ளாக்கக்கூடும். நிர்வாகம் அக்குறிப்பை ஆசிரியரைத் தண்டிக்கும் கருவியாகப் பயன்படுத்தும் இடத்தில், நல்ல மனமுள்ள மாணவரும் வாயை மூடிக்கொள்ளவே செய்வார். ஒருவரின் பிழைப்பைக் கெடுத்தோம் என்ற பழி யாருக்கு வேண்டும்? கற்பித்தலை மேம்படுத்துவதே இக்குழுவின் நோக்கம் என்று விதி கூறுவதை நிர்வாகங்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஆசிரியரின் பணி மதிப்பீட்டுக்கு வேறு வழிகள் உள்ளன.

குறைதீர்ப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகளும், அதன்படி அமைந்த மாணவர் குறைதீர்ப்புக் குழுவும், அதற்கு மேல் குறைதீர்ப்பாளரும் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவை தனி மாணவருக்கு ஏற்பட்ட பாதிப்பை முறையிடும் இடங்கள். மூன்றாம் யூனிட் புரியவில்லை என்று யாரும் குறைதீர்ப்பாளருக்கு மனுப் போட முடியாது. மாணவர் பேரவைத் தேர்தல் குறித்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்றுச் செயல்படுத்தச் சொன்ன பிறகும், தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை இல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகள் பல. அங்கெல்லாம் ஆசிரியருக்கு எதிரே மாணவர் உரிமையோடு நாற்காலி போட்டு அமரும் இடம் வகுப்புக் குழு ஒன்றுதான்.

என் கோரிக்கை பெரிதல்ல; புதிய விதி எதுவும் வேண்டாம். கூட்டம் நடந்த இரண்டு நாட்களுக்குள் தலைவர் நடவடிக்கைக் குறிப்பைக் கல்லூரி முதல்வரிடம் அளித்து, அதை மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சுற்றுக்கு விட வேண்டும் என்று விதிமுறை சொல்கிறது. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் வகுப்பு மாணவர் அனைவரின் வருகைப்பதிவு விவரத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டாவது ஓரளவுக்கு நடக்கிறது. முதலாவது பெரும்பாலும் நடப்பதில்லை. குறிப்பு நேராகக் கோப்புக்குள் போய், கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு வழங்கும் தேசிய அமைப்பான நாக்கின் (NAAC) குழு ஆய்வுக்கு வரும் நாளில் மட்டும் வெளியே வருகிறது. அந்தக் குறிப்பு வகுப்பின் அறிவிப்புப் பலகைக்கு வந்துவிட்டால், சொல்லாததைச் சொன்னதாக எழுத முடியாது. சொன்னதை விட்டுவிடவும் முடியாது. சென்ற கூட்டத்தில் கேட்டவற்றுள் எது செய்யப்பட்டது, எது செய்யப்படவில்லை, ஏன் என்பதே அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக இருந்தால் போதும். பிரதிநிதிகள் தாமாகவே ஆயத்தத்தோடு வரத் தொடங்குவார்கள். இணைப்பை ஆண்டுதோறும் புதுப்பிக்க ஆய்வுக்கு வரும் பல்கலைக்கழகக் குழுவினர், கட்டடத்தையும் கணினிகளையும் எண்ணுவதோடு, ஏதேனும் ஒரு வகுப்புக்குள் நுழைந்து, “கடைசி வகுப்புக் குழுவில் என்ன பேசினீர்கள்?” என்று மாணவர்களைக் கேட்டாலே உண்மை நிலை தெரிந்துவிடும்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்துக்குச் செல்பவர்கள் மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை. வகுப்புக் குழுவின் குறிப்பு மாணவர் அனைவருக்கும் வந்துசேர வேண்டிய தாள் என்பதால், மகனிடமோ மகளிடமோ கேட்டாலே அது கிடைத்துவிட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் கல்லூரி முதல்வரிடம் கேட்கலாம்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவர் பிரதிநிதி ஒருவர்