வெளிநாடு செல்லும் வெல்டர்களும் ரெகுலேட்டர் மரையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவிரி டெல்டா மாவட்டங்களிலிருந்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் வெல்டர்கள், கேஸ் வெல்டிங் சாமான்களைக் கூடவே எடுத்துச் செல்வதிலும் திரும்பும்போது அங்கிருந்து வாங்கி வருவதிலும், சிலிண்டரில் மாட்டும் மரை (திருகும் வரி) நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் உள்ள ஓர் ஆபத்தைத் தங்கள் நாளிதழ் வழியே தெரிவிக்க விரும்புகிறேன். மன்னார்குடி அருகே பட்டறை வைத்திருக்கிறேன். உழவுக் காலத்தில் டிராக்டர் கேஜ் வீல், அறுவடைக் காலத்தில் கதிர் அறுக்கும் இயந்திரம் என்று வேலை ஓயாது. என்னிடம் தொழில் பழகிய பிள்ளைகள் பலர் இன்று கடல் கடந்து இருக்கிறார்கள்.

அண்மையில் ஜெர்மனியிலிருந்து ஊர் திரும்பிய ஓர் இளைஞர் சிலிண்டர் வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர்கள் இரண்டை நல்ல தரத்தில் கொண்டுவந்தார், ஒன்று ஆக்ஸிஜனுக்கு, மற்றது எரியும் வாயுவான அசிட்டிலினுக்கு. இரண்டுமே நம் சிலிண்டரில் பொருந்தவில்லை. பொருந்தவும் பொருந்தாது. நம் ஆக்ஸிஜன் சிலிண்டரின் வால்வில் மரை உள்பக்கம் இருக்கிறது. 5/8 அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை) அளவு, ஏறக்குறைய 23 மி.மீ. விட்டம். ஜெர்மனியிலோ வால்வின் வெளிப்பக்கத்தில் 3/4 அங்குல மரை, ஏறக்குறைய 26 மி.மீ. நம் ரெகுலேட்டர் வால்வுக்குள் நுழையும், அவர்களுடையது வால்வின் மேல் கவியும். அசிட்டிலினுக்கு அங்கே மரையே கிடையாது. இரும்புப் பிடி ஒன்றை வால்வின் மேல் மாட்டித் திருகி இறுக்குவார்கள்.

அவர் மனம் தளராமல் லேத்துப் பட்டறைக்குப் போய் இரண்டுக்கும் இணைப்புத் துண்டு கடைந்து வாங்கி வந்துவிட்டார். ஆக்ஸிஜனுக்கான பித்தளைத் துண்டை விரலால் தடவிப் பார்த்தேன். கடையும்போது ஊற்றிய எண்ணெய் மரையின் இடுக்குகளில் இன்னும் பளபளத்தது. நிறைந்த சிலிண்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அளவுக்கு அழுத்தம் இருக்கும். வால்வைத் திறந்த கணமே அந்த எண்ணெய் தானாகத் தீப்பிடித்திருக்கலாம். அசிட்டிலினுக்கான துண்டு இன்னும் மோசம், பழைய செம்புத் தண்டில் கடைந்தது. செம்பு 70 சதவீதத்துக்கு மேல் உள்ள உலோகத்தை அசிட்டிலின் பாதையில் வைக்கக் கூடாது என்பதும், வைத்தால் லேசாகத் தட்டினாலே வெடிக்கக்கூடிய செம்பு அசிட்டிலைடு உண்டாகும் என்பதும் இத்தொழிலின் அரிச்சுவடி. லேத்துக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்ட அளவுக்கு அவர் கடைந்து கொடுத்தார், என்ன வாயு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

போகும்போதும் இதே கதைதான். சிங்கப்பூர் சென்ற என் மாணவனுக்கு நம் ரெகுலேட்டர் அப்படியே பொருந்தியது, ஏனெனில் அங்கும் பிரிட்டிஷ் அளவு வழக்கத்தில் இருந்தது. அதைக் கேள்விப்பட்டு எல்லா நாட்டிலும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஆக்ஸிஜன் வால்வின் மரை வெளிப்பக்கம் இருப்பதால் நம்முடையது மாட்டவே மாட்டாது, அந்த வகையில் நல்லது. அவர்களுடைய அசிட்டிலின் வால்வுகளில் ஒரு வகைதான் ஏமாற்றும். நம்முடையதைப் போலவே இடப்பக்கம் திருகும் உள்மரை, அங்குலத்துக்கு அதே 14 சுற்று. ஆனால் விட்டம் அரை மில்லிமீட்டர் அளவு குறைவு, மரையின் கோணம் நமக்கு 55 பாகை, அவர்களுக்கு 60. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால் ஸ்பேனரைப் போட்டு வலிந்து ஏற்றவோ, டெப்லான் டேப் சுற்றிக் கசிவை அடைக்கவோ கை துடிக்கும். ஹோஸ் இணைப்பின் மரையும் அங்கே வேறு. ஆக்ஸிஜன் ஹோஸ் நமக்கு நீலம், அவர்களுக்குப் பச்சை. அழுத்தம் காட்டும் கேஜும் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவில் பேசும், நம் ஒரு கிலோ அதில் 14 என்று காட்டும். அசிட்டிலினை 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறபோது இந்தக் கணக்கு விளையாட்டல்ல.

பழகிய சாமான் கைக்கு இதம் என்பதை நான் மறுக்கவில்லை. என் வெல்டிங் டார்ச்சை நானே யாருக்கும் தருவதில்லை. ஆயினும் ரெகுலேட்டரை ஊரிலேயே விட்டுவிட்டு, போகும் நாட்டில் அங்குள்ள சிலிண்டருக்கு உரியதை வாங்குவதே சரி. இணைப்புத் துண்டு தவிர்க்க முடியாதென்றால், அந்தந்த வாயுவுக்கென்றே தயாரித்து முத்திரையிட்டு விற்பதைத்தான் வாங்க வேண்டும்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் படிப்பு ஓராண்டு. அதில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கினால் போதும். வெவ்வேறு நாட்டு வால்வுகளை ஒரு பலகையில் பொருத்திவைத்து, மாணவர்கள் தம் கையாலேயே மாட்டிப் பார்க்கச் செய்யலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் பயணத்துக்கு முந்தைய அறிவுரைகளில் இதைச் சேர்க்க வேண்டுகிறேன். அந்த ஜெர்மன் ரெகுலேட்டர்கள் இரண்டும் இப்போது என் பட்டறையில் சும்மா கிடக்கின்றன. உரியவரிடம் கேட்டுவிட்டேன், அவருக்கும் சம்மதம். பயிற்சிக்கு வேண்டும் என்று எந்த நிலையம் கேட்டாலும் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம்.