டி.சி. இல்லையென்று திருப்பி அனுப்பலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி பேருந்து நிலையம் பக்கம் பழக்கடை வைத்திருக்கிறேன். மாங்காய் சீசனில் மண்டி வேலைக்கு வரும் சில குடும்பங்கள் சாலையோரமே தார்ப்பாய் கட்டித் தங்கிவிடும். பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக ஏறி பேனா விற்கும். அடிபட்ட பழம் வாங்க வரும் ஒரு சிறுமி, பத்து வயது இருக்கும், மீதிச் சில்லறையை என்னைவிட வேகமாகச் சொல்கிறாள். 'அ' எழுத வராது. அம்மாவிடம் கேட்டால், "டி.சி., பர்த் சர்டிபிகேட் எதுவும் இல்லீங்கண்ணா, எப்படிச் சேத்துக்குவாங்க?" என்கிறார்.

சேர்த்தே ஆக வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுவரை இலவசம். வயதுச் சான்று இல்லை, ஜூன் தாண்டிவிட்டது என்றெல்லாம் சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்ட பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். தொடக்கப் பள்ளியில் காலைச் சாப்பாடும் உண்டு. இதை அந்த அம்மாவிடம் சொல்லத்தான் ஆளில்லை.

பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுப்பவர்கள் பகலில் வந்தால் தார்ப்பாய்க்குள் யாரும் இருப்பதில்லை. மண்டி வேலை முடிந்து மாலை ஏழுக்கு மேல் வரட்டும். சீசன் முடியும்வரை பேருந்து நிலையத்திலேயே ஒரு சேர்க்கை மேசை போட்டால் இன்னும் நல்லது. மேசை, நாற்காலி நான் தருகிறேன்.

- பழ வியாபாரி, கிருஷ்ணகிரி