வர்ஜீனியாவில், ரிச்மண்டில் இருக்கும் அண்ணாவுக்கு

அண்ணா,

போன வாரம் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். இனி மாசசூசெட்ஸ்தான். உன் பக்கம் குடிவருவதாக இல்லை.

இதைப் பொதுவில் எழுதுவது உனக்குப் பிடிக்காது. நீ என்னைச் சொன்னதும் நாலு பேர் முன்னால்தானே? அண்ணி படிப்பார்கள், அத்தை வீட்டிலும் படிப்பார்கள். அதனால் அப்பா காரியத்தன்று நடந்ததற்குள் போகவில்லை. நாம் சேர்ந்து பார்த்த ஜேம்ஸ்டவுனை மட்டும் பேசுவோம், உன் வர்ஜீனியாவில் ஆங்கிலேயர் வந்து குடியேறிய அந்தப் பழைய ஊரை.

அந்த மியூசியத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மண்டையோடு. 14 வயதுப் பெண். நிஜப் பேர் யாருக்கும் தெரியாது. ஆராய்ச்சியாளர்கள் வைத்த பேர்தான் ஜேன். நெற்றியில் ஆழமில்லாத நாலு வெட்டு, கத்தி பிடித்த கை தயங்கியது போல. 1609-10 குளிர்காலப் பஞ்சத்தில், செத்துப்போனவளை அறுத்துத் தின்றிருக்கிறார்கள். என் மகள் அந்த வெட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீ அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாய். "தங்கம் தேடி வந்த பேராசைக்காரர்கள், வேறென்ன ஆகும்? உங்கள் ஊருக்கு வந்தவர்கள் சாமி கும்பிட வந்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். எல்லாம் ஆளைப் பொறுத்தது" என்றாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாயே ஒரு பார்வை! ஒரே வீட்டுச் சோறு தின்றவர்களில் ஒருவன் பொறுப்பைச் சுமந்தான், ஒருத்தி தன் குடும்பம் உண்டு தானுண்டு என்று போய்விட்டாள். அதுதானே அந்தப் பார்வை?

அங்கே சண்டை வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன்.

1607இல் அங்கே இறங்கியவர்கள் 104 பேர், எல்லாம் ஆண்களும் பையன்களும். லாபம் பார்க்க ஒரு கம்பெனி அனுப்பிய ஆட்கள். உப்பேறிய ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அங்கே குடியேறிய ஜான் ரால்ஃப் என்பவர் புகையிலை போட்டுக் காட்டிய பிறகுதான் ஊர் பிழைத்தது. அதுவோ மண்ணை உறிஞ்சிவிடும் பயிர், சில வருஷத்துக்கு ஒரு தரம் புது நிலம் கேட்கும். ஆள் கூட்டி வந்தால் தலைக்கு 50 ஏக்கர் என்றார்கள். பணக்காரன் ஆட்களைக் கூட்டிவந்து நிலத்தை வளைத்தான். வந்தவன் கப்பல் கூலிக்காக நாலு முதல் ஏழு வருஷம் உழைத்தான், பலர் கெடு முடியும் முன்பே போய்ச் சேர்ந்தார்கள். தோட்டத்துத் துறைக்கே கப்பல் வந்து நிற்கும்போது கடைத்தெரு எதற்கு? இலவசப் பள்ளிக்கூடமும் அச்சகமும் இங்கே இல்லை, கடவுளுக்கு நன்றி என்று 1671இல் ஆளுநர் பெர்க்லி எழுதினார். தோட்டக்காரர்களின் ஊரில் அப்படித்தான் தோன்றும்.

இங்கே மாசசூசெட்ஸுக்கு 1630இல் வின்த்ரப் என்ற தலைவரோடு வந்தவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார்கள். குளிர் கொன்றது, ஆனால் காய்ச்சல் குறைவு. பேரப்பிள்ளைகளைப் பார்க்கிற வரை உயிரோடு இருந்தார்கள். கல்லும் மேடுமான மண், பெருந்தோட்டத்துக்கு ஆகாது. கூடி உட்கார்ந்து நிலத்தைப் பங்கு போட்டார்கள், கோயிலுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டினார்கள். 50 குடும்பம் சேர்ந்தால் ஒரு வாத்தியார் வைக்க வேண்டும் என்று 1647இல் சட்டம். வேதம் படிக்கத் தெரியாதவனைச் சாத்தான் ஏய்த்துவிடுவான் என்ற பயம். சரி, பக்திக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் நீ மெச்சுகிற அந்தப் பக்திமான்கள்தான், மத விஷயத்தில் மாற்றிப் பேசினாள் என்று ஆன் ஹட்சின்சனை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். துரத்தியும் திரும்பத் திரும்ப வந்தாள் என்று, குவேக்கர் என்ற வேறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டையரை 1660இல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். அடிமைமுறைக்குச் சட்டப் புத்தகத்தில் இடம் கொடுத்ததும் அவர்களே, 1641இல், வர்ஜீனியாவுக்கும் முன்னால். இந்த மண்ணில் புகையிலை செழித்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே 1662இல் தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று எழுதி வைத்தார்களே, அதையே இங்கேயும் எழுதியிருப்பார்கள்.

நீ இந்த நாட்டுக்கு வந்தபோது தனியாள். ஓர் அறையில் நாலு பேர், விசா முதலாளி கையில். நான் வந்தபோது இவரும் கைக்குழந்தையும் கூட இருந்தார்கள், நீ அனுப்பிய பணத்தில் படித்த படிப்பும் இருந்தது. நீ முன்னால் வந்து பட்டதால்தான் எனக்கு இங்கே எல்லாம் லேசாக இருந்தது. இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீ அந்தப் பணக்கணக்கை என் மாமியார் முன்னால் வாசித்தாய். அதற்கு அப்புறம் எனக்கு எங்கிருந்து நன்றி வரும்? நான் ஓடிப்போகவில்லை அண்ணா. எனக்கு வாய்த்த கப்பல் வேறு.

அப்பா திதிக்கு எங்கள் வீட்டுக்கு வா. வின்த்ரப்புக்கும் முன்னால் கப்பலில் வந்தவர்கள் கால் வைத்ததாகச் சொல்லும் பிளிமத் பாறையைக் காட்டுகிறேன், 1620 என்று செதுக்கி வைத்திருக்கிறார்கள். இதற்கா இவ்வளவு கூட்டம் என்று நீ சிரிப்பாய்.

ஊர் நிலத்தைப் பற்றி மட்டும் இங்கே பதில் எழுதாதே. பெரியப்பா வீட்டிலும் படிக்கிறார்கள்.

உன் தங்கை